கண்டனூர் கண்டரமாணிக்கம் ஆன கதை: தப்பு டைப் அடிக்கிற புள்ள மேல இல்ல, டிராப் டவுன் லிஸ்ட் மேல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யா அவர்களுக்கு,

வணக்கம். நான் காரைக்குடியில 22 வருசமா கடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதி குடுக்குற ஆளு. அடகுக்கடை வட்டி கணக்கு, புதுவயல் பக்கம் ரைஸ்மில்லுக்கு மூட்டை கணக்கு, ஜவுளிக்கடை பில்லுன்னு எல்லாமே டெஸ்க்டாப்புல ஓடுற புரோகிராம் தான், விஷுவல் பேசிக் (சுருக்கமா விபி) 6-ல ஆரம்பிச்சு இப்ப விபி டாட்நெட்டுல எழுதுறேன். உங்க பேப்பருக்கு இதுவரைக்கும் லெட்டர் போட்டது இல்ல. இப்ப போடுறதுக்கு காரணம், ஒரு புள்ளைய எல்லார் முன்னாடியும் திட்டுனத பக்கத்துல நின்னு பாத்துட்டேன், அந்த புள்ள மேல தப்பே இல்லன்னு எனக்கு தெரியும், அத எங்கயாவது எழுதிரணும்னு மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு.

எங்க தெரு ஆச்சி ஒருத்தவங்க, 70 வயசு தாண்டிருச்சு, சொந்த ஊரு கண்டனூர். ஒரு எடத்துல பேர் பதிஞ்சு கார்டு வாங்கியிருக்காங்க, எந்த எடம்னு சொல்ல வேணாம். கார்டுல ஊரு கண்டரமாணிக்கம்னு வந்திருக்கு. கண்டனூர் புதுவயல் பக்கத்துல இருக்கு, கண்டரமாணிக்கம் திருப்பத்தூர் தாலுகா, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. திருத்தணும்னா ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொண்டு வாங்க, அது கொண்டு வாங்க இது கொண்டு வாங்கன்னு ரெண்டு தடவ அலைய விட்டுட்டாங்க. மூணாவது தடவ நான் வண்டியில கூட்டிட்டு போனேன். அங்க மேல இருக்குறவரு, டைப் அடிக்கிற புள்ளைய கூப்ட்டு, கண்ண தொறந்து பாத்து அடிக்க மாட்டியா, இது இந்த வாரத்துல எத்தனாவது தடவன்னு எல்லார் முன்னாடியும் கத்துறாரு. அந்த புள்ளைக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் சரியாத்தான் சார் வச்சேன்னு மட்டும் திரும்ப திரும்ப சொன்னுச்சு.

நான் எழுதுன சாஃப்ட்வேர் இல்ல அது, ஆனா பாத்தவொடனே என்னமோ இருக்குன்னு பட்டுச்சு, அதனால அம்மா மறுபடி ஒரு தடவ என் முன்னாடி போட்டு காட்டுங்கன்னு கேட்டேன். அந்த புள்ள ஊரு லிஸ்ட்ட தொறந்து கண்டனூர சரியா கிளிக் பண்ணுச்சு. ஃபாரம் நீளமா இருந்ததால கீழ போறதுக்கு மவுஸ் சக்கரத்த ஒரு உருட்டு உருட்டுச்சு. அவ்வளவு தான், ஃபாரம் நகரல, லிஸ்ட்டுக்குள்ள இருந்த கண்டனூர் கண்டரமாணிக்கமா மாறிருச்சு. அந்த புள்ள பாத்துக்கிட்டு இருந்தது ஸ்கிரீனோட கீழ்பக்கம், மாறுனது மேல ஒரு சின்ன பாக்ஸ்ல, பத்தாததுக்கு அந்த பாக்ஸ் அகலம் கம்மி, 'கண்ட'ங்குற எழுத்து வரைக்கும் தான் தெரியுது, மிச்சம் வெட்டுப்பட்டு போச்சு. கண்டனூர், கண்டரமாணிக்கம், கண்டவராயன்பட்டி மூணுமே அதுக்குள்ள ஒரே மாதிரி தான் தெரியும். எந்த மனுசனுக்கு அது கண்ணுல படும் சொல்லுங்க.

இது எப்படி நடக்குதுன்னு வெவரமா சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்லயே எத்தனையோ தம்பி தங்கச்சிங்க காலேஜ் முடிச்சுட்டு இதே மாதிரி ஃபாரம் தான் போட்டுக்கிட்டு இருக்காங்க. இப்படி தொறந்து எடுக்குற லிஸ்ட்டுக்கு விண்டோஸ்ல காம்போ பாக்ஸுன்னு பேரு, டைப் பண்ற பெட்டியும் லிஸ்ட்டும் ஒண்ணா சேந்தது, அதனால தான் அந்த பேரே. அது மூடி இருந்தாலும் கர்சர் (மவுஸ் அம்பு இல்ல, கீபோர்டுல அடிச்சா எந்த பெட்டிக்கு போகுமோ அது) அதுமேல நிக்கிற வரைக்கும் மவுஸ் சக்கரத்த உருட்டுனா உள்ள இருக்குற வரி மேல கீழ நகரும். இது ஏதோ பழுது கெடையாது, அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. ஆனா நீளமான ஃபாரம்ல அத வச்சா சேவ் பண்ற நேரத்துக்குள்ள தகவல் தானா மாறும், எந்த எர்ரரும் வராது, பீப் சத்தம் கூட வராது. டாட்நெட்டுல இத நிறுத்துறதுக்கு மூணு வரி போதும், காம்போவோட மவுஸ்வீல் ஈவன்ட்ட (சக்கரத்த உருட்டுனா ஓடுற எடம்) புடிச்சு, லிஸ்ட் தொறந்து இருக்கான்னு பாத்து, மூடி இருந்தா வந்த ஆர்க்யுமென்ட்ட ஹேண்டில்டுமவுஸ்ஈவன்ட்ஆர்க்ஸா மாத்தி ஹேண்டில்ட்ங்குறத ட்ரூன்னு வச்சிரணும். அதவிட சுலபமா இன்னொன்னு, லிஸ்ட் மூடுனவொடனே டிராப்டவுன்குளோஸ்டு ஈவன்ட்ல கர்சர அடுத்த பெட்டிக்கு தள்ளி விட்டுரலாம். பாக்ஸ் அகலத்த ஊர் பேரு முழுசா தெரியிற அளவுக்கு வைக்கணும். எடம் இல்லன்னா டிராப்டவுன்விட்த்னு ஒண்ணு இருக்கு, தொறக்குறப்ப லிஸ்ட் மட்டுமாச்சும் அகலமா விரியும். நம்ம பக்கம் குருவிக்கொண்டான்பட்டின்னு ஊரு இருக்கு, நாட்டரசன்கோட்டை இருக்கு, இங்கிலீஷ் லேபிளுக்கு அளந்து போட்ட பெட்டியில இதெல்லாம் எப்படி அடங்கும்.

அங்க நான் இன்னொன்னும் கவனிச்சேன். அந்த லிஸ்ட்டுல கண்டனூருக்கு அடுத்து கண்டரமாணிக்கம், அதுக்கு அடுத்து கண்டவராயன்பட்டி. நம்ம தமிழ் அகர வரிசைப்படி ன கடைசி எழுத்து, அதனால கண்டரமாணிக்கம், கண்டவராயன்பட்டி, அப்புறம் தான் கண்டனூர் வரணும். ஆனா எழுத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல நம்பர் குடுக்குற யூனிகோடுல ன-வ ந-வுக்கு அடுத்து வச்சிருக்காங்க, அதனால வெறும் கோட் நம்பர வச்சு வரிசப்படுத்துனா ன முன்னாடி ஏறிரும், ழ-வும் ள-வும் வ-வுக்கு முன்னாடி வந்துரும், புள்ளி வச்ச எழுத்து அந்த வரிசையோட கடைசிக்கு போயிரும். தமிழ் படிச்ச ஆளு அகராதி பழக்கத்துல தேடுனா அந்த எடத்துல ஊரு இருக்காது. லிஸ்ட்ட வரிசப்படுத்துறப்ப தமிழ் கல்ச்சர் (டாட்நெட்டுல இருக்குற மொழி அமைப்பு) வச்சு ஒப்பிடுங்க, இல்லன்னா டேபிள்ல வரிசை எண்ணுன்னு ஒரு காலம் (column) தனியா வச்சு நீங்களே நம்பர் போட்டுருங்க, நான் ரெண்டாவது தான் பண்றேன், அது எந்த மிஷின்ல ஓடுனாலும் மாறாது.

எந்த எடத்துல எந்த லிஸ்ட்டுங்குறது தான் பாதி வேல. பெரும்பாலும் யாரும் யோசிக்கிறதே இல்ல, டூல்பாக்ஸ்ல இருந்து காம்போவ இழுத்து போட்டுட்டு போயிர்றாங்க. அப்படி போட்டா அதோட ஸ்டைல் டிராப்டவுன்னு தான் இருக்கும், அதாவது லிஸ்ட்டுல இருந்தும் எடுக்கலாம், மனசுக்கு பட்டதையும் டைப் அடிக்கலாம். டிராப்டவுன்லிஸ்ட்னு மாத்துனா தான் லிஸ்ட்டுல இருக்குறத மட்டும் எடுக்க முடியும். சிம்பிள்னு மூணாவது ஒண்ணு இருக்கு, லிஸ்ட் எப்பவுமே தொறந்தே கெடக்கும், நான் எங்கயும் அத போட்டதில்ல.

நகரத்தார் புள்ளி கணக்குக்கு (கல்யாணமான குடும்பத்த புள்ளின்னு எண்ணுவாங்க) ஒரு புரோகிராம் எழுதுனப்ப, அந்த குடும்பம் எந்த கோவில சேந்ததுன்னு கோவில் பேரு கேக்க வேண்டி இருந்துச்சு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, மொத்தம் 9, நேத்தும் 9 நாளைக்கும் 9. இதுக்கு டிராப்டவுன்லிஸ்ட் தான், டைப் அடிக்கவே விடக்கூடாது. விட்டா ஒருத்தர் இளையாற்றங்குடின்னு அடிப்பாரு, இன்னொருத்தர் இளையாத்தங்குடின்னு அடிப்பாரு, கணக்கு எடுக்குறப்ப ஒரு கோவில் ரெண்டா நிக்கும். ஒரே கோவில், ஒரே பிரிவுக்குள்ள பொண்ணு எடுத்து குடுக்குறது இல்லங்குறப்ப ஜாதகம் பாக்குற எடத்துல கோவில் பேரு தப்பா இருந்தா எவ்வளவு பெரிய வெவகாரம்னு யோசிங்க. இளையாத்தங்குடிக்கும் மாத்தூருக்கும் ஏழேழு பிரிவு இருக்கு, பிள்ளையார்பட்டிக்கு பிரிவு கெடையாது, அதனால கோவில தேர்ந்தெடுத்த பெறகு தான் பிரிவு லிஸ்ட் நெறையணும், பிரிவு இல்லாத கோவிலுக்கு அந்த பெட்டி மங்கி போயி நிக்கணும். மங்க விடாம முன்னாடி எடுத்த பிரிவ அப்படியே விட்டா பிள்ளையார்பட்டி கோவிலுக்கு மாத்தூர் பிரிவு ஒட்டிக்கிட்டு சேவ் ஆயிரும்.

அதே சமயம் நம்ம முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைக்கு போயி பாருங்க. மரத்தூணு, பீங்கான் ஜாடி, எனாமல் வாளி, பெல்ஜியம் கண்ணாடின்னு நாளைக்கு என்ன வரும்னு கடைக்காரருக்கே தெரியாது. அங்க போயி சாமான் பேருக்கு டிராப்டவுன்லிஸ்ட் வச்சா அந்த அண்ணே ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் (சாமான் பேரெல்லாம் பதிஞ்சு வைக்கிற பக்கம்) தொறந்து புதுசா சேக்கணும், வாடிக்கையாளர் வெளிய நின்னுக்கிட்டு இருப்பாரு. அங்க டைப் அடிக்க விட்டு ஏற்கனவே அடிச்சத எடுத்து குடுக்குற மாதிரி வைக்கணும், ஆட்டோகம்ப்ளீட்மோட்ல சஜஸ்ட்டுன்னும் ஆட்டோகம்ப்ளீட்சோர்ஸ்ல லிஸ்ட்ஐட்டம்ஸுன்னும் போட்டா 2005-ல வந்த டாட்நெட் 2.0-ல இருந்தே அது வேல செய்யும். ஒரே குறை, பேரோட தொடக்கத்த வச்சு தான் தேடும், நடுவுல இருக்குற எழுத்த வச்சு தேடாது. ஆத்தங்குடி டைல்ஸ் கடையில சைஸு 8-க்கு 8, 10-க்கு 10, 12-க்கு 12ன்னு சிலது தான், அதுக்கு லிஸ்ட்டே வேணாம், ரேடியோ பட்டனா மூணையும் கண்ணு முன்னாடி வச்சிட்டா ஒரே கிளிக், தொறக்க வேணாம் தேட வேணாம். டிசைன் பேருக்கு மட்டும் டைப் அடிக்கிற காம்போ. ஆமா இல்லங்குற கேள்விக்கெல்லாம் லிஸ்ட் வச்சிருக்கறத பாத்தா வருத்தமா இருக்கு, டிக் அடிக்கிற செக்பாக்ஸ் எதுக்கு இருக்கு.

ஊர் பேருன்னா அது வேற கணக்கு. நகரத்தார் ஊரே 70-க்கு மேல, அத சுத்தி கிராமம் எத்தனையோ. காரைக்குடி, கானாடுகாத்தான், கோட்டையூர், கொத்தமங்கலம், கோனாபட்டு, கீழச்சிவல்பட்டி, கண்டனூர்னு க-வுல மட்டும் பாதி லிஸ்ட்டு. இத வெறும் டிராப்டவுன்லிஸ்ட்டா வச்சு உருட்ட விடுறது தான் எனக்கு பெரிய தப்பா படுது. பின்கோட மொதல்ல கேட்டு அதுக்கு உள்ள ஊர மட்டும் காட்டலாம், இல்லன்னா ரெண்டு எழுத்து அடிச்சா கீழ வடிகட்டி காட்டுற பெட்டி வைக்கலாம்.

இப்ப என்னோட தப்பு ஒண்ணயும் சொல்லணும், சொல்லலன்னா இந்த லெட்டர் எழுத எனக்கு தகுதி இல்ல. 2009 வாக்குல ஒரு கடைக்கு எழுதி குடுத்தேன், வாடிக்கையாளர் ஊர் லிஸ்ட்ட டேட்டாபேஸ்ல இருந்து டேட்டாசோர்ஸா (லிஸ்ட்டுக்கு தகவல் வர்ற எடமா) கட்டி விட்டேன். தீவாளிக்கு முன்னாடி ஊர்வாரியா லெட்டர் போடுறதுக்கு பிரிண்ட் எடுத்தாங்க, அமராவதிபுதூர்காரங்க அள்ளு அள்ளுன்னு வர்றாங்க. அந்த ஊர்ல இருந்து அவ்வளவு பேரு கடைக்கு வர வாய்ப்பே இல்லன்னு மொதலாளி சொல்றாரு. காரணம் என்னன்னா டேட்டாசோர்ஸ் கட்டுனவொடனே காம்போ தானா மொத வரிய எடுத்துக்கும், லிஸ்ட்டுல மொத ஊரு அமராவதிபுதூர், கூட்ட நேரத்துல பில்லு போடுறவங்க ஊர தொடாம விட்டா எல்லாரும் அமராவதிபுதூர். டேட்டா கட்டுன பெறகு செலக்டட்இண்டெக்ஸ மைனஸ் 1-னு வச்சு காலியா விட்டு, காலியா இருந்தா சேவ் பண்ண விடாம நிறுத்தியிருக்கணும், நான் பண்ணல. அந்த பில்லு போட்ட பசங்களத்தான் மொதலாளி மொதல்ல புடிச்சாரு. நான் போயி தப்பு என்னுதுன்னு சொல்லி, நாலு ஞாயித்துக்கிழம ஒக்காந்து பழைய பில் புக்க வச்சு திருத்தி குடுத்தேன்.

இதே கட்டுற வேலையில இன்னும் ரெண்டு மூணு எடத்துல எல்லாரும் மாட்டுறாங்க. டிஸ்பிளேமெம்பர் (கண்ணுக்கு தெரியிற பேரு), வேல்யூமெம்பர் (உள்ள வைக்கிற நம்பர்) ரெண்டையும் வச்சிட்டு கடைசியா டேட்டாசோர்ஸ கட்டணும், மாத்தி கட்டுனா செலக்டட்இண்டெக்ஸ்சேஞ்ச்டு ஈவன்ட் அவசரப்பட்டு ஓடும், அந்த நேரத்துல செலக்டட்வேல்யூவுக்குள்ள நம்பர் இருக்காது, டேட்டாரோவியூன்னு முழு வரியே இருக்கும், அத இன்டீஜரா மாத்த முடியலன்னு புரோகிராம் விழுந்துரும். லிஸ்ட்டுக்குள்ள ஊர் பேருக்கு பதிலா சிஸ்டம் டாட் டேட்டா டாட் டேட்டாரோவியூன்னு வரிசையா நின்னா டிஸ்பிளேமெம்பர்ல காலம் பேர தப்பா அடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். மாவட்டம், தாலுகா, ஊருன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணா லிஸ்ட் வச்சிருந்தா (நம்ம செட்டிநாடே சிவகங்கை, புதுக்கோட்டைன்னு ரெண்டு மாவட்டத்துல கெடக்குறதால இங்க இது இல்லாம முடியாது) பழைய ரெக்கார்ட தொறக்குறப்ப மாவட்டத்த வச்சவொடனே தாலுகா லிஸ்ட் புதுசா நெறஞ்சு ஏற்கனவே இருந்த தாலுகாவும் ஊரும் அழிஞ்சுரும், பொன்னமராவதிக்காரர் ரெக்கார்ட சும்மா தொறந்து பாத்து சேவ் அடிச்சாலே அவரு வேற தாலுகாவுக்கு போயிருவாரு. அதுக்கு லோட் ஆகுற நேரத்துல லோட் ஆகிட்டு இருக்குன்னு ஒரு கொடி (ட்ரூ இல்ல ஃபால்ஸுன்னு ஒரு அடையாளம்) ஏத்தி வச்சு ஈவன்ட்ட ஒதுக்குங்க, இல்லன்னா செலக்ஷன்சேஞ்ச்கமிட்டட்ங்குற ஈவன்ட்ல எழுதுங்க, அது மனுசன் கையால மாத்துனா மட்டும் தான் ஓடும். அப்புறம் அப்பா ஊரு, மாப்பிள்ள ஊருன்னு ரெண்டு காம்போவுக்கு ஒரே டேட்டாடேபிள கட்டிராதீங்க, ஒண்ண மாத்துனா இன்னொன்னும் கூடவே மாறும், ஆளுக்கு ஒரு பைண்டிங்சோர்ஸ் குடுத்துட்டா பிரச்சன தீந்துச்சு.

தமிழ்ல தனியா ஒரு சிக்கல் இருக்கு. லிஸ்ட்டுல கொத்தமங்கலம் இருக்கு, டேட்டாபேஸ்லயும் கொத்தமங்கலம் இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லன்னு கம்ப்யூட்டர் சொல்லுது, ஒரு தம்பி ரெண்டு நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டு என்கிட்ட வந்தாரு. ஒகரத்த யூனிகோடுல ஒரே குறியாவும் அடிக்கலாம், கொம்பும் காலும்னு ரெண்டு குறியாவும் அடிக்கலாம், கண்ணுக்கு ஒண்ணு தான், ஆனா கோட் கோடா வச்சு பாத்தா வேற வேற. கோட்டையூருக்கும் கோனாபட்டுக்கும் இதே கதி. நார்மலைஸுன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, சேவ் பண்றதுக்கு முன்னாடி அதுல ஒரு தடவ விட்டு எடுத்தா ரெண்டும் ஒண்ணாயிரும். டேட்டாபேஸ்ல கேர்னு நீளம் கட்டுன காலமா இருந்தா பேருக்கு பின்னாடி வெத்து எடம் ஒட்டிக்கிட்டு வரும், அதையும் ட்ரிம் பண்ணுங்க. உண்மையான மருந்து என்னன்னா ஊர் பேர ரெக்கார்டுல சேவ் பண்ணவே கூடாது, ஊருக்கு ஒரு நம்பர் குடுத்து அந்த நம்பர மட்டும் வைக்கணும். இன்னும் விபி 6-லயே ஓட்டுற கடை நெறைய இருக்கு, 1998-ல வந்தது, அதோட சொந்த காம்போவுல யூனிகோட் தமிழ் கேள்விக்குறியா தான் வரும், அதனால இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் உருவம் காட்டுற பாமினி மாதிரி ஃபான்ட்ட போட்டு சமாளிச்சிருப்பாங்க. அதுல தானா வரிசப்படுத்துற சார்ட்டட்ட ட்ரூன்னு வச்சா உள்ள இருக்குற இங்கிலீஷ் எழுத்து வரிசையில தான் நிக்கும், நாட்டரசன்கோட்டை முன்னாடி வரும், அரியக்குடி நடுவுல எங்கயோ இருக்கும். லிஸ்ட் கெட்டு போச்சுன்னு நெனச்சுராதீங்க.

அய்யா, நான் கேக்குறது இது தான். நம்ம பக்கம் காலேஜ்ல விஷுவல் புரோகிராமிங் பாடம் எடுக்குற ஆசிரியர்கள் லேப்ல பசங்கள ஒரு ஃபாரம் போட சொல்லிட்டு, பக்கத்து பெஞ்சு பையன கூப்ட்டு வேகமா நூறு என்ட்ரி போட வச்சு, அதுல எத்தன மாறிப்போச்சுன்னு எண்ண சொல்லுங்க. சாஃப்ட்வேர் வாங்குற மொதலாளிங்களும் அலுவலகத்துல இருக்குறவங்களும் காசு குடுக்குறதுக்கு முன்னாடி லிஸ்ட்டுல ஒண்ண எடுத்து வச்சிட்டு சக்கரத்த உருட்டி பாருங்க, லிஸ்ட்ட தொடாம சேவ் அடிச்சு பாருங்க, பழைய ரெக்கார்ட தொறந்து ஒண்ணும் பண்ணாம சேவ் அடிச்சு பாருங்க. அஞ்சு நிமிசம் ஆகாது. மாறுச்சுன்னா எழுதுன ஆள கூப்டுங்க, டைப் அடிக்கிற புள்ளைய கூப்டாதீங்க. மாசம் எட்டாயிரம் பத்தாயிரத்துக்கு ஒரு நாளைக்கு எரநூறு ஃபாரம் போடுற புள்ளைங்க அவங்க.

அன்னைக்கு அந்த பெரியவருகிட்ட மவுஸ நானே உருட்டி காட்டுனேன். மூணு தடவ பாத்தாரு, அப்புறம் ஒண்ணும் பேசல, சாஃப்ட்வேர்காரங்களுக்கு போன் போடுறேன்னாரு. போட்டாரான்னு தெரியாது. அந்த புள்ளைக்கு மட்டும், ஊர எடுத்தவொடனே டேப் கீய ஒரு தட்டு தட்டிட்டு அப்புறம் மவுஸ தொடும்மான்னு சொல்லிட்டு வந்தேன். ஆச்சி கையில புது கார்டு வந்துருச்சு, கண்டனூர்னு சரியா அடிச்சிருக்கு, அத வாங்கி ஒவ்வொரு எழுத்தா விரல வச்சு படிச்சுட்டு தான் பைக்குள்ள வச்சாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
காரைக்குடி.